அட்லாண்டாவும் ஃபிலடெல்ஃபியாவும்: இரு பாலேக் குழுக்கள்

நியூயார்க்குக்கு வெளியே வளர்ந்த லாபநோக்கற்ற பாலேக் குழுக்களில் அட்லாண்டா பாலேயையும் 2021 வரை பென்சில்வேனியா பாலே எனப்பட்ட குழுவையும் எதிரெதிரே நிறுத்துவது எளிது. 1929-இல் டோரத்தி அலெக்சாண்டர் அட்லாண்டாவில் தொடங்கிய குழு, பல பத்தாண்டுகள் சம்பளமில்லாத ஆர்வலர்களாலேயே நடந்தது. 1963-இல் பார்பரா வைஸ்பெர்கர் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியதோ பிறக்கும்போதே தொழில்முறைக் குழு.

அதே ஆண்டு ஃபோர்டு அறக்கட்டளை பாலேக்கென ஏறத்தாழ 77 லட்சம் டாலரை ஒதுக்கியது. அதைப் பெற்ற எட்டு அமைப்புகளில் ஃபிலடெல்ஃபியா இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்த அட்லாண்டா இல்லை. பணம் நியூயார்க்கின் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனின் வட்டத்துக்கே போகிறது என்று அன்றே முணுமுணுத்தார்கள். வைஸ்பெர்கர் சிறுமியாகவே பாலன்சீனின் பள்ளியில் பயின்றவர் என்பதால், அந்த முணுமுணுப்பை முற்றிலும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒன்று தரையிலிருந்து முளைத்தது, மற்றது மேலிருந்து நடப்பட்டது என்று பிரித்துவிட்டால் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரம் விடுபட்டுப் போகும். நல்ல ஆடுநர்கள் நியூயார்க்குக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியோடு, சிறுநகரக் குழுக்களைத் திரட்டி 1956-இல் அட்லாண்டாவில் முதல் வட்டார பாலே விழாவை நடத்தியவர் அலெக்சாண்டர். அந்த விழா வடகிழக்குக்குப் பரவியபோது, 1959-இல் வில்க்ஸ்-பாரியில் அதை ஏற்று நடத்தியவர் வேறு யாருமல்லர், அங்கே பள்ளி வைத்திருந்த வைஸ்பெர்கர்தான். அறக்கட்டளைப் பணம் வருமுன்பே அட்லாண்டாவின் விதை பென்சில்வேனியா மண்ணில் விழுந்திருந்தது. எதிர்த்திசையிலும் வரவு உண்டு: அலெக்சாண்டருக்குப்பின் அட்லாண்டாவை வழிநடத்திய ராபர்ட் பார்னெட், பாலன்சீனின் நியூயார்க் சிட்டி பாலேயில் ஆடியவர். கொடை கிடைக்காத ஊருக்கும் பாலன்சீன் பாணி போய்ச் சேர்ந்தது.

பணக்கவலை இரண்டையும் விடவில்லை. நிதி நெருக்கடியின் நடுவே 1982-இல் வைஸ்பெர்கர் தாம் நிறுவிய குழுவை விட்டு விலகினார். 1991-இல் மூடும் நிலைக்கு வந்த அக்குழுவை, அதன் கலைஞர்கள் ஊதியமில்லாமல் ஆடிக் காப்பாற்றினார்கள். சம்பளத்தோடு பிறந்த குழு, அட்லாண்டா தொடங்கிய இடத்தில் வந்து நின்றது. அட்லாண்டாவுக்கு நெருக்கடி வந்தபோது வெட்டு விழுந்தது மேடைக்குக் கீழே. 2006-இல் இசைக்குழுவை நிறுத்திவிட்டு, பதிவுசெய்த இசைக்கு ஆடினார்கள்.