புதிய வினாவும் பழைய விடையும்

பள்ளிக்கூடத்தில் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டம் வகுக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். நடைமுறையில் அதை வகுப்பது வினாத்தாள். ஆண்டின் இறுதியில் எது கேட்கப்படுமோ, அதுவே ஆண்டின் தொடக்கம் முதல் கற்பிக்கப்படும். பௌதிகம் என்று அன்றும் இயற்பியல் என்று இன்றும் வழங்கும் பாடத்தில் இதன் விளைவு பெரிது. ஒரு விதியைப் பிழையின்றி ஒப்பித்தல் ஓர் ஆற்றல். அவ்விதி அடுப்பங்கரையிலும் மலைப்பாதையிலும் எவ்வாறு செயற்படுகிறது என்று கண்டுகொள்ளுதல் வேறோர் ஆற்றல். முன்னதைச் சோதிப்பது எளிது. பின்னதைச் சோதிக்க நம் நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முயற்சிகள் நடந்துள்ளன. அவற்றின் வரலாற்றைத் திருப்பதி, சித்தூர் வட்டாரத்தை நடுவாகக் கொண்டு இங்கே நோக்குவோம். பரீட்சைச் சீர்திருத்தத்தை வலியுறுத்தியோருள் தலையாய ஒருவர் அவ்வட்டாரத்திலே படித்தவர் என்பது அதற்கு ஒரு காரணம். மற்றக் காரணங்கள் போகப்போக விளங்கும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. அதன் மெட்ரிகுலேஷன் பரீட்சையே பல்லாண்டுகள் வரை உயர்நிலைப் பள்ளிகளின் குறிக்கோளாக விளங்கியது. கல்லூரிக்குள் யாரை விடுவது என்று முடிவு செய்வதற்காக ஏற்பட்ட அப்பரீட்சை, நாளடைவில் பள்ளியில் நடப்பவை அனைத்தையும் ஆளத் தொடங்கிற்று. 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றது இந்தக் காலத்தில்தான். பின்னர் அவர் வேலூரிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்றார்.

மெட்ரிகுலேஷனின் குறையை அக்காலத்துக் கல்வித்துறையினரே உணர்ந்திருந்தனர். ஆகவே 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்து, 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டதும் அதே காலத்தில்தான். எனவே புதிய மாவட்டமும் புதிய சான்றிதழும் ஏறத்தாழ ஒரே வயதின. அச்சான்றிதழ் ஒரு புத்தகம். பொதுப் பரீட்சையில் பெற்ற எண்களோடு, வகுப்பில் ஆசிரியர் கண்ட தேர்ச்சியும் அதில் பதியப்படும். ஒரு மாணாக்கனின் திறமையை மூன்று மணி நேரத்தில் மட்டும் அளந்துவிட முடியாது. ஆண்டு முழுவதும் அவனைக் கண்ட ஆசிரியரின் சொல்லுக்கும் இடம் வேண்டும் என்பது அதன் உட்கருத்து. நல்ல கருத்து; ஆயினும் அது நிலைக்கவில்லை. ஒரு பள்ளியின் எண்ணும் மற்றொரு பள்ளியின் எண்ணும் ஒரே மதிப்புடையனவா என்ற ஐயம் எழுந்தது. ஐயம் வளர வளர, வகுப்பு எண்கள் ஒதுங்கின. பொதுப் பரீட்சை எண்களே எஞ்சின.

நாடு விடுதலை பெற்றதும் இச்செய்தி மீண்டும் ஆராயப்பட்டது. 1948-இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு இராதாகிருஷ்ணன் தலைவர். பௌதிக அறிஞர் மேகநாத் சாஹாவும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆர்க்காடு இலட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர்கள். பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்ய இடமிருந்தால் அது பரீட்சைச் சீர்திருத்தமாகவே இருத்தல் வேண்டும் என்பது 1949-இல் வெளிவந்த அறிக்கையின் முடிவு. திருப்பதியில் மெட்ரிகுலேஷன் காலத்து மாணவராக இருந்தவர் தலைமையில் இம்முடிவு பிறந்தது கவனிக்கத்தக்கது.

அடுத்து, உயர்நிலைப் பள்ளிக் கல்வியை ஆராய 1952-இல் இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலேயே ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கை 1953 ஆகஸ்டில் வந்தது. பொதுப் பரீட்சைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நீண்ட கட்டுரை விடைகளோடு புறவயத் தேர்வுகளும் வேண்டும். பள்ளியில் வைக்கப்படும் மாணவர் பதிவேட்டுக்கு இறுதி மதிப்பீட்டில் இடம் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் பழைய கருத்தே இங்கு மறுபடியும் தலைகாட்டுகிறது.

அறிக்கை வெளிவந்த சில வாரங்களில், 1953 அக்டோபர் 1 அன்று, ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் சென்னையிலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. 1954-இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1960-இல் எல்லைத் திருத்தத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஒரே பரீட்சையை எழுதி வந்த ஊர்கள் இவ்வாறு இரண்டு மாநிலங்களின் பரீட்சைகளை எழுதலாயின. எல்லை மாறிற்று, வினாவின் இயல்பு இருபுறத்திலும் பெரிதும் மாறவில்லை.

வினாவின் இயல்பை நேராகத் தொட்டவர் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம். கல்வி நோக்கங்களை அவரும் அவருடன் உழைத்தோரும் 1956-இல் ஆறு படிகளாக வகுத்தனர்: அறிவு, புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல். இவற்றுள் மூன்றாம் படியாகிய பயன்படுத்தலே நம் பொருளுக்கு உயிர். கற்ற விதியை, முன்பு காணாத ஒரு நிலைமையில், இன்ன விதி என்று யாரும் சொல்லித் தராதபோதும், தானே தேர்ந்து கையாளுதல் என்பது அதன் பொருள். 1957-58-இல் புளூம் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். நாட்டின் பல இடங்களில் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூடங்களை நடத்தினார். 1958-இல் மத்தியப் பரீட்சைப் பிரிவு ஒன்று அமைந்தது. 1961-இல் தோன்றிய தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு அப்பணியை மேற்கொண்டது.

அக்குழு 1963-இல் தேசிய அறிவியல் திறனறித் திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டில் தில்லிக்கு மட்டும் 10 உதவித்தொகைகள். 1964-இல் நாடு முழுமைக்கும் 350. எழுத்துத் தேர்வோடு, மாணாக்கர் தாமே செய்த ஆய்வு முயற்சி ஒன்றின் அறிக்கையும் நேர்முகத் தேர்வும் அதில் இருந்தன. கையால் செய்து பார்த்ததற்கும் மதிப்பு உண்டு என்று ஒரு நாடளாவிய பரீட்சை ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று. 1976-இல் மாநில மொழிகளில் எழுதவும் இடம் தரப்பட்டது. 1977-இல் அறிவியலோடு பிற துறைகளையும் சேர்த்துத் திட்டம் விரிந்தது. இரண்டு புறவயத் தேர்வுகள் அதன் முதுகெலும்பாயின. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒவ்வொருவர் செய்கையையும் அருகிருந்து நோக்க இயலாது என்பது உண்மையே. 2021-க்குப் பின் அத்திட்டமும் நிறுத்திவைக்கப்பட்டது.

பயன்படுத்தல் வினா என்பது எப்படிப்பட்டது என்று ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள தொடர்பைக் கூறுக என்பது பழைய வினா. திருப்பதியில் ஓர் அடுப்பிலும் திருமலையில் ஓர் அடுப்பிலும் ஒரே அளவு அரிசி திறந்த பானையில் வேகிறது; எங்கே சோறு பதமாவதற்குத் தாமதமாகும், ஏன் என்பது புதிய வினா. திருமலை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவு; ஆதலின் நீர் 97 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே கொதித்துவிடும்; அதற்கு மேல் சூடேறாது. சோறு வேகச் சற்று நேரம் கூடும். மாணாக்கன் இதைத் தானே எண்ணிக் கண்டால், அவன் விதியை அறிந்தவன்.

ஆனால் அடுத்த ஆண்டு என்ன நிகழும்? மலைமேல் சோறு வேகத் தாமதமாகும் என்று வழிகாட்டி நூல் அச்சிட்டுவிடும். அதற்கு அடுத்த ஆண்டில் மாணாக்கர் அதை மனப்பாடம் செய்துவிடுவர். வினா அதேதான், சொல்லும் மாறவில்லை. எனினும் அது பயன்படுத்தல் வினாவாக இருந்த நிலை போய், நினைவு வினாவாகிவிட்டது. ஆசிரியர் விழிப்புடையவராயின் கேள்வியைச் சிறிது திருப்புவார்: இரண்டு இடங்களிலும் பிரஷர் குக்கரில் வைத்தால் வேறுபாடு நீங்குமா, குறையுமா? குக்கரின் எடைக்குண்டு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே ஒரே அளவு அழுத்தத்தைக் கூட்டுகிறது. வெளியழுத்தத்தில் உள்ள வேறுபாடு உள்ளேயும் தொடரும். ஆனால் மொத்த அழுத்தம் உயர்ந்துவிட்டதால் அதன் விளைவு சிறுத்துவிடும். ஆகவே வேறுபாடு குறையும், முற்றும் நீங்காது. மனப்பாட விடை இங்கே உதவாது.

புளூமின் படிகள் நம் நாட்டில் பயன் குன்றியதற்கு முதற்காரணம் இதுவே எனலாம். வினாவின் வடிவத்தை மாற்றுவது எளிது. அதன் புதுமையைக் காப்பது கடினம். 2023-24 முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பத்தாம் வகுப்பு வினாக்களில் பாதியைத் திறன்சார் வினாக்களாக அமைக்க முற்பட்டது. அந்தப் பெயரைத் தாங்கிய வினாத் தொகுப்புகளும் கடைகளுக்கு வந்துவிட்டன.

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்டினஸ் முதலியோர் 1992-இல் விசைக் கருத்துகள் பற்றிய ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டனர். கணக்கு எதுவும் இல்லாத எளிய வினாக்கள். பெரிய லாரியும் சிறிய காரும் மோதும்போது எது எதன்மீது மிகுந்த விசையைச் செலுத்தும் என்பது போன்றவை. கடினமான கணக்குகளைச் சரியாகப் போட்ட கல்லூரி மாணவர்களிலும் பலர் லாரியே மிகுந்த விசையைச் செலுத்தும் என்றனர். இரண்டும் சமம் என்று நியூட்டனின் மூன்றாம் விதி கூறுவதை அவர்கள் எழுதியிருந்தார்கள், நம்பவில்லை. இந்தியாவிலும், 2009-ஆம் ஆண்டின் பிசா என்னும் பன்னாட்டுத் தேர்வின் தொடர்ச்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டு, 74 பங்கேற்பாளருள் கடைசி வரிசைகளில் நின்றன. பள்ளிப் பரீட்சையில் உயர்ந்த தேர்ச்சி காட்டிய மாநிலம் தமிழ்நாடு என்பதை நினைந்தால், இரண்டு பரீட்சைகளும் இரண்டு வேறு ஆற்றல்களை அளந்தன என்பது தெளிவு.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இவ்வரலாற்றில் மற்றொரு செய்தியும் புலப்படுகிறது. சித்தூர் எல்லையோரத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுத அவர்களுக்கு வழி இருந்து வந்துள்ளது. தெலுங்கில் திரவியராசி, பாரம் எனப்படும் இரண்டும் தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை, எடை. இலங்கைத் தமிழ் நூல்களிலோ அவை திணிவு, நிறை. ஒரு கரையில் நிறை என்பது மறுகரையில் வேறு பொருள் தருகிறது! நினைவு வினா இத்தகைய மாற்றத்தைத் தாங்கும். பாடநூலின் சொல்லைக் கண்டதும் பிள்ளை வரையறையை எழுதிவிடும். பயன்படுத்தல் வினா பேச்சுவழக்கின் அருகே நிற்பது. அதில் ஒரு சொல் பிசகினால், பௌதிகம் தெரிந்த பிள்ளையும் தோற்கும். எனவே இவ்வகை வினா, ஒரு மொழியிலிருந்து இறுதி நேரத்தில் பெயர்க்கப்படாமல், அந்தந்த மொழியிலேயே ஆக்கப்படுதல் நன்று.

இனி அவ்வட்டாரத்தைக் கண்திறந்து நோக்குவோம். திருமலையின் முதல் மலைச்சாலை 1944-இலும், இரண்டாவது 1974-இலும் அமைந்தன. இறங்கும் வண்டியோட்டி பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வருவது ஏன் என்பது ஆற்றல் மாற்றம் பற்றிய பாடம். 2002-இல் திருமலையில் 106 குழிவு வாங்கிகளைக் கொண்ட சூரிய நீராவிச் சமையற்கூடம் நிறுவப்பட்டது. நாளொன்றுக்குப் பதினையாயிரம் பேருக்கு உணவு சமைப்பது அதன் இலக்கு. வாங்கிகள் கதிரவனோடு திரும்ப வேண்டியது ஏன் என்பது ஒளியியல் பாடம். திருப்பதிக்கு அருகில் காதங்கியில், 130 மீட்டர் சதுரப் பரப்பில் 1,024 அலைவாங்கிகள் வரிசையாய் நின்று, 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானத்துக்கு அனுப்பி, மேற்காற்றின் போக்கை அறிகின்றன. எதிரொலித்து வரும் அலையின் அதிர்வெண்ணில் உண்டாகும் சிறு மாற்றத்தைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கணிக்கும் இம்முறை, நெருங்கி வரும் ரயில் வண்டியின் ஊதொலியில் நாம் கேட்கும் அதே டாப்ளர் விளைவேயாகும். பௌதிகம் இவ்வளவு அருகில் பணியாற்றும் வட்டாரம் நாட்டில் பல இல்லை.

இவற்றை வினாவாக்கத் தக்கவர் யார்? தொலைவில் அமர்ந்து மாநிலம் முழுமைக்கும் ஒரே தாள் தயாரிப்பவரால் காதங்கியைப் பற்றி ஒருமுறை கேட்க இயலும். மறுமுறை கேட்டால் அது மனப்பாடமாகிவிடும். ஆண்டுதோறும், வகுப்புதோறும் புதிது புதிதாகக் கேட்க வல்லவர் அங்குள்ள ஆசிரியர் ஒருவரே. ஒரு நூற்றாண்டுக்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அவருக்கு ஓர் இடம் அளித்தது. பள்ளிகளின் எண்களை ஒப்பிட வழி தெரியாமையால் அவ்விடம் பறிபோயிற்று. 1953-இன் குழுவும், 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரிக் குழுவும் அதைத் திரும்ப அளிக்கக் கூறின. பொதுப் பரீட்சையை ஒழித்துவிடுக என்று நாம் கூறவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் என்ற நியாயம் அதில் உண்டு. ஆயினும் அந்த அளவுகோல் அளக்க இயலாத ஆற்றலை அளக்க, வகுப்பாசிரியருக்குப் பயிற்சியும், அவர் இடும் எண்ணைப் பிற பள்ளி ஆசிரியரும் சரிபார்க்கும் ஏற்பாடும் வேண்டும். அந்த ஏற்பாடு செய்யப்படும் வரை, மலைமேல் சோறு ஏன் தாமதமாக வேகிறது என்பதைத் திருப்பதிப் பிள்ளைகள் அடுப்பைப் பார்த்து அறியமாட்டார்கள். வழிகாட்டி நூலைப் பார்த்தே எழுதிக்கொண்டிருப்பார்கள்.