கடைத்தெருவும் கல்வி அவையும்

என்னிடம் ஓதி ஸனது பெற்ற மாணவர் ஒருவர், தம் தந்தையாருடன் என்னைக் காண வந்தார். தந்தையார் ஜவுளி வணிகர். “ஹஜ்ரத்! முப்பது வருடமாக நான் ஒருவனாகவே கட்டிக் காத்த கடை. இனி இவன் வந்து உட்கார்ந்தால்தான் அது நிற்கும். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். மகனோ தலைகுனிந்தவாறு, “அத்தா சொல்வதைத் தட்ட எனக்கு மனமில்லை, ஓதியதை விட்டுவிடவும் மனமில்லை” என்றார்.

மதரஸாவில் ஓதியவர்க்கு மட்டுமன்றிக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்க்கும் உரிய இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே, இதே ஜவுளித் தொழிலில், ஓர் இளைஞர் முன் இது எழுந்தது. அன்று அவர் கண்ட விடையை இருவருக்கும் எடுத்துரைத்தேன். அதனையே இங்கு எழுதுகின்றேன்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17 (கி.பி. 638) அளவில் நிறுவப்பட்ட நகரம் கூஃபா. படை வீரர்களின் குடியிருப்பாகத் தொடங்கிய அது, சில பத்தாண்டுகளிலேயே வணிகத்துக்கும் கல்விக்கும் பெயர் பெற்றது. அந்நகரில் ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) பிறந்தவர் நுஃமான் இப்னு தாபித். பிற்காலத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) என உலகம் போற்றியது இவரைத்தான். பட்டும் கம்பளி நூலும் கலந்து நெய்த ‘கஸ்’ எனும் உயர்ந்த துணியை விற்பது அவர்தம் தொழில். கூஃபாவில் அம்ரு இப்னு ஹுரைஸ் (ரலி) அவர்களின் மாளிகையில் இருந்த அவர்தம் கடை ஊரறிந்த ஒன்று.

இளமையில் அவர் நாள்தோறும் சென்றுவந்த இடம் கடைத்தெருவே. ஒருநாள் அவ்வழியே சென்றபோது, கூஃபாவின் பேரறிஞர் ஷஅபீ (ரஹ்) அவர்கள் அவரை அழைத்து, யாரிடம் போய்வருகின்றாய் என வினவினார்கள். இளைஞர் ஒரு வணிகரின் பெயரைச் சொன்னார். தாம் கேட்டது கடைத்தெருவைப் பற்றியன்று, எந்த ஆலிமிடம் செல்கின்றாய் என்பதையே என்றார்கள் ஷஅபீ. ஆலிம்களிடம் செல்வது குறைவு என்று இளைஞர் ஒப்புக்கொண்டார். அவரிடம் விழிப்பும் சுறுசுறுப்பும் இருக்கக் கண்ட அப்பெரியார், கல்வியை நாடும்படி அறிவுரை கூறினார்கள். அச்சொல் அவர் உள்ளத்தில் தைத்தது.

ஏறத்தாழ 22ஆம் வயதில் ஹம்மாத் இப்னு அபீஸுலைமான் (ரஹ்) அவர்களின் பாட அவையில் சேர்ந்த அவர், ஆசிரியர் ஹிஜ்ரி 120இல் (கி.பி. 738) மறையும் வரை 18 ஆண்டுகள் அங்கேயே பயின்றார்.

இவ்விடத்தில் பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகின்றனர். இமாமவர்கள் கடையை உதறிவிட்டுக் கல்விக்கு வந்தார்கள் என எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கடை இருந்தது. கடையில் அவர்கள் இருந்த நிலைதான் மாறியது. கூட்டாளிகளையும் முகவர்களையும் அமர்த்திக்கொண்டு, தம் காலத்தின் பெரும்பகுதியைக் கல்விக்கு ஒதுக்கினார்கள்.

கற்ற கல்வி கடைக்குள்ளும் நுழைந்தது. ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்க வந்து 100 திர்ஹம் கேட்டார். அது அதனினும் விலைபெறும் என்றார்கள் இமாமவர்கள். அவர் நூறு நூறாக ஏற்றி 400 வரை வந்தார். அதற்கும் மேல் என்றபோது, தம்மைக் கேலி செய்வதாக எண்ணினார். விலை மதிக்கத்தக்க ஒருவரை அழைத்துவரச் செய்து, 500 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். மற்றொருமுறை, கூட்டாளியான ஹஃப்ஸ் இப்னு அப்திர் ரஹ்மான், குறையுள்ள துணியைக் குறையைச் சொல்லாமலே மறதியாக விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அச்சரக்கின் விலை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள்.

கடையும் கல்விக்குக் கடன்பட்டே இருந்துவிடவில்லை. கொள்வினை, கொடுப்பினை, கூட்டு வாணிபம், முன்பணம் கொடுத்துச் சரக்குப் பெறும் ‘ஸலம்’ ஆகியவை பற்றிய சட்ட நுணுக்கங்களை அவர்கள் ஆராய்ந்தபோது, துணியைக் கையால் தொட்டு விற்ற பழக்கம் துணை நின்றது. அவர்களின் மாணவரான முஹம்மத் இப்னு ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களோ, சாயத் தொழிலாளரிடம் நேரில் சென்று அவர்களின் கொடுக்கல் வாங்கலைக் கேட்டறிந்து வந்தார்கள் என்பர்.

எல்லாவற்றிலும் மேலாக, அக்கடை இமாமவர்களின் நாவைக் காத்தது. உமைய்யாக்களின் இறுதிக் காலத்தில் இராக்கின் ஆளுநராயிருந்த இப்னு ஹுபைரா பதவியேற்க அழைத்தபோது மறுத்தார்கள், கசையடி பெற்றார்கள். அப்பாஸிய கலீஃபா மன்ஸூர் காழிப் பதவியை அளித்தபோதும் மறுத்தார்கள்; சிறை புகுந்தார்கள். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் மறைந்தார்கள். அரசனின் தட்டில் உண்ணாதவர்க்கன்றோ அரசனிடம் ‘இயலாது’ என்று கூற இயலும்!

அப்படியாயின் எல்லாரும் கடையிலேயே இருக்க வேண்டுமா? இமாமவர்களே அவ்வாறு கருதவில்லை. அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் வறிய வீட்டுப் பிள்ளை. பாட அவையில் அமர்ந்த அவரை, வீட்டின் பசியை எண்ணிப் பெற்றோர் தொழிலுக்கு அழைத்தனர். அழைத்தவர் தந்தை என ஓர் அறிவிப்பும், தாய் என மற்றோர் அறிவிப்பும் உள்ளன. அழைத்தவரைக் குறை கூறுதல் நேர்மையன்று. பசி பொய் சொல்லாது. செய்தியறிந்த இமாமவர்கள் மாணவரிடம் 100 திர்ஹம் கொடுத்து, தீர்ந்ததும் தெரிவிக்கச் சொன்னார்கள். தெரிவிக்குமுன்னரே மறுபடியும் கொடுத்தார்கள். அம்மாணவரே பின்னர் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக உயர்ந்தார். ஷைபானீ அவர்களோ, தந்தை விட்டுச் சென்ற 30,000 திர்ஹங்களில் பாதியை இலக்கணத்துக்கும் கவிதைக்கும், மறுபாதியை ஹதீஸுக்கும் ஃபிக்ஹுக்கும் செலவிட்டார்கள்.

ஆக, ஒருவர் தொழிலை வைத்துக்கொண்டு கற்றார். ஒருவர் தொழிலை விட்டுக் கற்றார். ஒருவர் தந்தையின் பொருளைக் கொண்டு கற்றார். மூவரும் ஒரே மத்ஹபின் தூண்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அபூயூஸுஃபை அவையில் இருத்திய அந்த நூறு திர்ஹம் எங்கிருந்து வந்தது? அந்தப் பட்டுக் கடையிலிருந்துதானே! ஆண்டு வருவாயைக் கொண்டு, ஹதீஸ் அறிஞர்களுக்கு வேண்டிய உணவும் உடையும் வாங்கிக் கொடுப்பது இமாமவர்களின் வழக்கம் என்று வரலாறு கூறுகின்றது. ஒருவர் விடாமல் வைத்திருந்த கடை, மற்றொருவர் தொழிலை விடுவதற்கு வழி செய்தது.

இதனைக் கூறி முடித்தபின் தந்தையாரை நோக்கி, “கடையை மகனுக்குக் கொடுங்கள், மகனைக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கணக்குக்கு நம்பிக்கையான ஓர் ஆளை அமர்த்துங்கள். நாளில் ஒரு பொழுதை இவருடைய கிதாபுகளுக்கு விட்டுவிடுங்கள்” என்றேன். மகனிடம், “கடையில் அமர்வதை இழிவாக எண்ணாதீர். நீர் ஓதிய ‘கிதாபுல் புயூஃ’ உயிர் பெறும் இடம் அதுவே. குறையுள்ள துணியின் குறையைச் சொல்லி விற்க முடிகின்றதா என்று பாரும். முடியாத கடையாயின், அது யார் கடையானாலும் உமக்கு ஆகாது” என்றேன்.

தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “மஃரிபுக்குப் பிறகு கடையில் இவன் இருக்க வேண்டாம், ஹஜ்ரத். பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கட்டும்” என்றார். இஸ்திகாரா செய்து முடிவெடுக்கும்படி கூறி இருவரையும் அனுப்பிவைத்தேன்.

நம் கடைகளில் கல்வியையும், நம் கல்வியில் தன்மானத்தையும் வல்ல நாயன் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.