பார் இல்லாத சைக்கிள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, ‘என்னால் மறக்க முடியாத பேராசிரியர்’ என்று வழக்கம்போல எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். (அவரைப் பற்றி என் வகுப்புத் தோழர் ஒருவர் எழுதப்போவதாகப் பிறகு தெரிந்தது. பிழைத்தேன்!) அதற்குள் என் வீட்டுக்கு ஒரு பழைய சைக்கிள் வந்து சேர்ந்தது. அது எந்த ஊர்ச் சைக்கிள், எந்த வருஷத்தது என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் அலைந்தேன். 1977-80 இயற்பியல் வகுப்பில் சோதனைச்சாலையில்கூட நான் அவ்வளவு உழைத்ததில்லை என்பதை என் நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

நம் காலத்துக் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துப் பாருங்கள். ஹெர்குலிஸ், ராலே, அட்லஸ், ஹீரோ என்று பெயர்தான் வேறு. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே 28 அங்குலச் சக்கரம், நடுவில் ஒரு பார், பின்னால் ஒரு கேரியர். நான் ஓட்டியது அப்பாவின் ஹெர்குலிஸ். எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற எங்கள் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு ஒன்பது கிலோமீட்டர். கோடையில் உடைமுள் குத்தும். ஐப்பசி மழை பெய்துவிட்டால் அதைவிட மோசம். பத்தடி போவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கரிசல் களி அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி நோண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் சைக்கிள் நம் தோளில் ஏறிக்கொள்ளும். அப்படி வந்து முதல் பீரியடைத் தவறவிட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோவில்பட்டியில் பழைய சைக்கிள் வாங்கி விற்கும் ஒரு கடையில், பேத்திக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போனேன். மூலையில் தூசி படிந்து ஒன்று நின்றது. பார் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு குழாய்கள் தாழ வளைந்து போயிருந்தன. செயினை முழுக்க மூடிய உறை. முன்னால் கூடை மாட்டும் இரும்பு. பின்சக்கரத்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு பூட்டு.

“சீனா வண்டி அண்ணாச்சி. தூத்துக்குடியில ஒரு கப்பல்காரர் வீட்டுல இருந்து வந்தது. பிரேக் பிடிச்சா மட்டும் கொஞ்சம் சத்தம் போடும்” என்றார் கடைக்காரர். கொஞ்சம் இல்லை, தெருவே திரும்பிப் பார்க்கும். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்த முதல் ஆள் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். “இது ஜப்பான்காரன் பட்டாள சைக்கிள் ஐயா! மலேயாவை இதுல ஏறி வந்துதானே பிடிச்சான்” என்றார். அவர் சொன்ன சரித்திரம் சரியானதுதான். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தபாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரைப் பிடித்தது. வழியெல்லாம் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் சைக்கிளில்தான் வந்தார்கள். டயர் கிழிந்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். ஆனால் கூடை மாட்டிய சைக்கிளில் எந்தப் பட்டாளம் போகும்?

ஆனாலும் ‘ஜப்பான்’ என்ற அவர் வாக்கு பலித்தது. டைனமோவைத் துடைத்தபோது ‘நேஷனல்’ என்ற எழுத்து தெரிந்தது. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் ஒரு காலத்தில் தோளில் சுமந்து வந்த நேஷனல் பானசோனிக் டேப்ரிக்கார்டரின் கம்பெனிதான். அதைத் தொடங்கிய மட்சுஷிதா சிறு வயதில் ஒசாக்காவில் சைக்கிள் கடைப் பையனாக இருந்தவர். 1923இல் அவர் கொண்டுவந்த பேட்டரி சைக்கிள் விளக்கு கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது.

டைனமோ ஜப்பான் என்பதால் வண்டியும் ஜப்பான் ஆகிவிடுமா? இயற்பியல் மாணவன் அல்லவா, ஆரக்கம்பிகளை எண்ணினேன். நம் நாட்டுப் பழைய ரோட்ஸ்டர்களில் இங்கிலீஷ்காரன் வழக்கப்படி முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 கம்பி இருக்கும். இதில் முன்னால் 36, பின்னால் 36! ஜப்பான் வழக்கம் அதுதான். அப்புறம் அந்தக் கத்துகிற பின் பிரேக். கட்டை ரிம்மைப் பிடிக்கவில்லை. ஹப்போடு ஒட்டிய ஒரு டிரம்மை வெளியிலிருந்து பட்டை ஒன்று இறுக்கிப் பிடிக்கிறது. ‘பேண்ட் பிரேக்’ என்பார்கள். ஜப்பானில் வீட்டுச் சைக்கிள்களில் இதுதான் சர்வ சாதாரணம். அங்கேயும் இப்படித்தான் கத்துமாம். மனதுக்கு ஆறுதல்.

வருஷத்தைப் பிடித்துக் கொடுத்தவன் இன்ஜினீயரிங் படிக்கும் என் அக்கா பேரன். முன் பிரேக்கின் பின்புறம் பொடி எழுத்தில் ‘ஜி’, ‘டி’ என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள் குத்தியிருந்தன. பிரேக் ஷிமானோ கம்பெனியுடையது. 1921இல் ஒசாக்காவுக்குப் பக்கத்தில் சக்காய் என்ற ஊரில் பிரீவீல் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். ‘ஏ’ என்றால் 1976. விரல் விட்டு எண்ணினால் ‘ஜி’ 1982, ‘டி’ ஏப்ரல். “பிரேக்கைப் பின்னாடி மாத்தியிருந்தா?” என்று கேட்டேன். பின்சக்கரத்தைக் கழற்றிப் பிரீவீலைப் பார்த்தோம். ‘ஜி’, ‘சி’. 1982 மார்ச். இரண்டும் ஒரு மாத இடைவெளியில் செய்தவை என்றால் தற்செயலாக இருக்க முடியாது.

தலைக்குழாயில் யாரோ பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மெதுவாகச் சுரண்டியதில் ‘மியாட்டா’ என்ற பெயர் வந்தது. டோக்கியோவில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த மியாட்டா எய்சுகே 1890இல் சைக்கிள் செய்யத் தொடங்கினார். துப்பாக்கிக் குழல் செய்யும் கைத்திறனே சைக்கிள் குழாய்க்கும் உதவியது. நமக்கு இது புதிதா என்ன? பி.எஸ்.ஏ. என்பதற்கு விரிவே ‘பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்’தான். அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கும்.

வால்டியூப் மாற்றும்போதுதான் இந்த உறவு முழுசாகப் புரிந்தது. நாற்பது வருஷப் பழைய ஜப்பான் சைக்கிளுக்கு நம் ஊர்ப் பஞ்சர் கடை வால்டியூப் அப்படியே பொருந்திவிட்டது! ஜப்பானில் அதற்குப் பேர் ‘முஷி கோமு’, அதாவது ‘புழு ரப்பர்’. பிரிட்டிஷ் டன்லப் கம்பெனி கோபே நகரில் 1909இல் தொழிற்சாலை வைத்தது; 1936இல் வங்காளத்து சாகாகஞ்சிலும் வைத்தது. இரண்டு நாடும் ஒரே வாத்தியாரிடம் படித்த பிள்ளைகள். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸும் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று அதே இங்கிலாந்துப் பெயர்களில்தான் வண்டி விட்டது.

பிறகு எங்கே பாதை பிரிந்தது? ஜப்பானிலும் யுத்தத்துக்கு முன் சைக்கிள் ஆண்கள் பாரம் ஏற்றும் வண்டிதான். 1950களில் மோட்டார் சைக்கிளும் சின்ன லாரியும் பாரத்தை வாங்கிக்கொண்டன. சைக்கிள் கம்பெனிகளுக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. பெண்களைப் பார்த்தார்கள். பாரை எடுத்தார்கள், சக்கரத்தை 26 அங்குலமாகக் குறைத்தார்கள், கூடை வைத்தார்கள். இன்று அதற்கு ‘மாமாசாரி’ என்று பெயர். அம்மா சைக்கிள் என்று அர்த்தம். (நம் மாமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நம் பக்கத்தில் பாரத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. தீப்பெட்டிப் பண்டலும், பால் கேனும், தண்ணீர்ப் பஞ்சத்தில் ஆறு பிளாஸ்டிக் குடமும் சைக்கிளில்தான் போயின. பாரும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த இடத்தில் என் தங்கச்சியைப் பற்றிச் சொல்லாமல் தீராது. எட்டாம் வகுப்பு வரை கணக்கில் என்னைவிடக் கெட்டி. எட்டுக்கு மேல் கோவில்பட்டிக்குத்தான் போக வேண்டும். காலை பஸ் உண்டு, சாயங்கால பஸ் நிச்சயமில்லை. “சைக்கிள்ல போறேம்பா” என்றாள். “பொட்டப்பிள்ளை பார் மேல காலத் தூக்கிப் போட்டு ஏறுறதா?” என்றார் அப்பா. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் ஹெர்குலிஸைப் பங்கு போட வேண்டி வருமே என்ற பயமும் இருந்தது. அடுத்த மாதம் தீப்பெட்டி ஆபீஸ் வேன் அவளை ஏற்றிக்கொண்டு போனது. நான் பட்டம் வாங்கிய மூன்று வருஷமும் அவள் கட்டை அடுக்கினாள். என் பரீட்சைப் பணத்தில் அவள் சம்பளமும் உண்டு.

மாமாசாரியின் கதையைப் படித்தபோது, அந்தப் பார் மட்டும் இல்லாதிருந்தால் என்று முதலில் தோன்றியது. ஆனால் புதுக்கோட்டைக் கதை அதை மறுக்கிறது. 1991-92இல், ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் மூலம் அந்த மாவட்டத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலர் பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே விரும்பி வாங்கினார்கள். பிள்ளையை முன்னால் உட்கார வைக்கப் பார் வசதியாம்! ஆக, குறுக்கே இருந்தது இரும்பு இல்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுத்தது. 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் என்றானது. இன்று எங்கள் கிராமத்து ரோட்டில் சீருடைப் பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டே மிதித்துப் போவதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இன்னும் ஒரு தடயம் பாக்கி. சீட்டுக்குக் கீழே குழாயில் மங்கிய ஸ்டிக்கர் ஒன்று. பேரன் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தான்: ‘குற்றத் தடுப்புப் பதிவு’, ஹியோகோ மாகாண போலீஸ். நாம் சைக்கிளுக்கு வரி கட்டித் தகர வில்லை மாட்டினோமே, அது மாதிரி. ஆனால் அங்கே இது திருட்டைக் கண்டுபிடிக்க. 1980இல் வந்த சட்டம் இதைச் செய்யச் சொன்னது, 1994 முதல் கட்டாயம். ஹியோகோவின் தலைநகரம் கோபே துறைமுகம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜப்பான் தீப்பெட்டித் தொழிலின் கேந்திரம் அந்தக் கோபேதான். முதல் உலக யுத்த காலத்தில் இந்தியாவில் ஜப்பான் தீப்பெட்டிதான் கொடி கட்டிப் பறந்தது. கல்கத்தாவில் சிறு தீப்பெட்டித் தொழிலைப் பரப்பியவர்களிலும் ஜப்பானியர் உண்டு. அந்தக் கல்கத்தாவுக்குப் போய்த்தான் 1922இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்று வந்தார்கள். என் தங்கச்சி அடுக்கிய கட்டைக்கும் இந்த சைக்கிளுக்கும் ஊர் ஒன்று!

தூத்துக்குடிக்கும் ஒரு நடை போய் வந்தேன். கப்பல்காரர் காலமாகிவிட்டார். அவர் மனைவி சைக்கிளின் போட்டோவைப் பார்த்ததும், “இது எங்க வீட்டுக்காரர் கோபேல பழைய சாமான் கடையில வாங்குனது. எம்புள்ள இதுலதான் பள்ளிக்கூடம் போனா, காலேசும் போனா” என்றார்.

இதையெல்லாம் தங்கச்சியிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பாதிக் கதையிலேயே எழுந்து வாசலுக்குப் போய், பார் இருக்க வேண்டிய இடத்தில் கையை விட்டுத் துழாவினாள்.

“அண்ணே, இது 82ல செஞ்சதுன்னா எனக்கு அப்பக் கல்யாணமே ஆயிருச்சு” என்றாள். பிறகு, “பிடிச்சுக்கோ, ஏறிப் பாக்கேன்” என்றாள். பிடித்துக்கொண்டேன். தெருமுனை வரை போனோம். பிரேக் பிடித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

சங்கமத்தன்று அவளையும் கூட்டி வருகிறேன். சைக்கிள் பழைய ஸ்டாண்டில், மரத்தடியில் நிற்கும். வேண்டியவர்கள் ஓட்டிப் பார்க்கலாம். பூட்டியிருக்காது, அந்த லாடப் பூட்டுக்குச் சாவி இல்லை.