லண்டனுக்குப் போன சட்டாம்பிள்ளை

லண்டன் தென்கரையில், பரோ ரோட்டில், 1800களின் தொடக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் பெரும் பேர் வாங்கியது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பையன்கள்; ஆசிரியரோ ஒருவர்தான். கொஞ்சம் முன்னேறிய மாணவர்கள் ஆளுக்குச் சிலரை வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். சின்ன வகுப்புச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுத்துப் பழகினார்கள். அதை நடத்தியவர் ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர். ஆனால் அந்த மணல் வந்த வழி வேறு. அது எழும்பூரிலிருந்து போனது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல், 1787-ல் சென்னைக்கு வந்த பாதிரியார். இரண்டு ஆண்டில் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள், பெரும்பாலும் இந்தியத் தாய்மாருக்குப் பிறந்தவர்கள், அங்கே படித்தார்கள். ஒருநாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைப் பார்த்தார். விடுதிக்குத் திரும்பி அதையே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. பெல் விடவில்லை, ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் மறுத்ததை அவன் செய்துகாட்டினான்.

நம் திண்ணைப் பள்ளிகளுக்கு இது புதிதே அல்ல. வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்கு முறை சொல்லிக்கொடுப்பான். ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போகுமுன் மணல்தான் பலகை. 1623-லேயே இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வாலே, இக்கேரிக்குப் போகும் வழியில் சிறுவர்கள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கணக்குப் படித்ததைப் பதிவு செய்திருக்கிறார். பெல் மணலை இங்கிருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தன் கண்டுபிடிப்பு என்றே சொல்லிவந்தார். அதை அப்படியே ஏற்பது கடினம்.

1797-ல் லண்டனில் இந்த முறை பற்றிய பெல்லின் சிறுநூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே லங்காஸ்டர் தன் பள்ளியைத் தொடங்கினார். பிறகு இருவரில் யார் முதல் என்ற சண்டை. சாரா டிரிம்மர் போன்ற இங்கிலாந்துத் திருச்சபைப் பற்றாளர்கள் பெல் பக்கம் நின்றார்கள். சபைக்கு வெளியே இருந்தவர்கள் லங்காஸ்டர் பக்கம். 1811-ல் திருச்சபையின் தேசியச் சங்கம், 1814-ல் பிரிட்டிஷ் மற்றும் வெளிநாட்டுப் பள்ளிச் சங்கம் என இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு பள்ளிகளைத் திறந்தன. நியூயார்க்கின் இலவசப் பள்ளிகளும் இந்த முறையைக் கைக்கொண்டன. ஆலை நகரங்களில் குவிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான வழி அன்று கிடைக்கவில்லை.

மலிவுதான் அதைக் கெடுத்தது. சென்னை மாகாணத்தில் 1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து பேர். அதில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே; தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை. இந்தக் குறையை மறைக்கக் கூடாது. ஆனாலும் பதினைந்து பேர் நடுவே சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குத் துணை. லண்டனில் ஐந்நூறு பேர் நடுவே அவனே வாத்தியார். தனக்கே அரைகுறையாகத் தெரிந்ததை அவன் ஒப்பிக்க, மற்றவர்கள் திருப்பி ஒப்பித்தார்கள். பிரம்படியை வெறுத்த லங்காஸ்டர், தப்பு செய்த பையனின் கழுத்தில் மரக்கட்டையை மாட்டினார். கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவும் விட்டார். 1846-ல் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களை ஐந்தாண்டு பழக்கி ஆசிரியராக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்ததும் பழைய முறை தேய்ந்தது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர்.

இங்கே நடந்தது வேறு. 1823-ல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் இந்நாட்டு முறை இங்கிலாந்து பின்பற்றத் தகுந்ததே என்று பாராட்டி எழுதினார். அதே அறிக்கையில், ஐரோப்பியத் துணி வந்து நெசவாளர் வருமானம் சரிந்ததையும், பிள்ளைகளைப் படிக்கவைக்க ஊராருக்கு வசதி குறைந்ததையும் சொன்னார். அவர் மாவட்டத்தில் இருந்த 533 பள்ளிகளில் ஒன்றுக்குக்கூட அரசின் உதவி இல்லை. பத்து ஆண்டு கழித்து, 1833-ல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதன்முறையாக ஏழைகளின் பள்ளிக் கட்டடங்களுக்கென 20,000 பவுன் ஒதுக்கியது. அது அந்த இரண்டு சங்கங்கள் வழியாக இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.