தொலைந்து மீண்ட கோள்

வான்பொருளொன்று கண்டுபிடிக்கப்பட்டதென்றால், அதனைக் கண்ட நாளோடு கண்டுபிடிப்பின் வரலாறும் முடிவெய்திற்று என்றே பலரும் எண்ணுவர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் முதலிற் காணப்பட்டதும் மிகப் பெரியதுமாகிய சீரீசின் வரலாறு அத்தகையதன்று. 1801 ஆம் ஆண்டின் முதல் நாளில் அது காணப்பட்டது. 41 நாட்களின் பின் மறைந்தது. அவ்வாண்டின் இறுதி நாளில் மீண்டும் அகப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் அப்பொருள் வானில் எங்கே இருக்கின்றதென்று உறுதியாகச் சொல்ல வல்லார் எவருமிலர். அதன் அடையாளமாக உலகத்தில் எஞ்சியிருந்தவை 24 அவதானங்கள் மட்டுமே. அவ்வவதானங்கள் செம்மையாக இருந்தமையால் தொலைந்தது மீண்டது.

அக்காலத்து வானியலாளர் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு கோளை எதிர்பார்த்திருந்தனர். அதற்குக் காரணமாயிருந்தது ஓர் எண்கணக்கு. 0, 3, 6, 12, 24, 48, 96 என்னும் எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றோடும் 4 ஐக் கூட்டினால் 4, 7, 10, 16, 28, 52, 100 என்பன கிடைக்கும். ஞாயிற்றிலிருந்து பூமியின் தூரத்தை 10 எனக் கொண்டால், புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஆறு கோள்களின் தூரங்களும் இவ்வெண்களோடு ஏறக்குறையப் பொருந்தக் காணலாம். ஆனால் 28 என்னும் இடத்துக்குரிய கோள் மட்டும் இல்லை. இவ்வொழுங்கை 1766 இல் தித்தியசு என்னும் ஜேர்மானியப் பேராசிரியர் எடுத்துக்காட்டினார். 1772 இல் போடே என்பவர் அதனைப் பரப்பினார்.

இஃது எண்களின் தற்செயலான ஒற்றுமையே எனப் புறக்கணித்தோரும் இருந்திருக்கலாம். ஆனால் 1781 மார்ச் 13 ஆந் திகதி வில்லியம் ஏர்செல் யுரேனசுக் கோளைக் கண்டபோது, அதன் தூரம் வரிசையின் அடுத்த எண்ணாகிய 196 க்கு மிக அண்மையில், ஏறத்தாழ 192 ஆக, இருக்கக் காணப்பட்டது. அதன்பின் வெற்றிடத்தைத் தேடும் ஆர்வம் பெருகிற்று. 1800 செப்டெம்பரில், பிறீமன் நகருக்கு அண்மையிலுள்ள இலிலியந்தால் என்னுமிடத்தில், வொன் சாக்கு முதலிய வானியலாளர் அறுவர் கூடினர். ஞாயிற்றின் பாதை சூழ்ந்த வான்பரப்பை 24 கூறுகளாகப் பிரித்து, ஐரோப்பிய வானியலாளர் 24 பேருக்குப் பகிர்ந்தளித்துத் தேடுவிப்பதென அவர்கள் தீர்மானித்தனர்.

அவ்வழைப்பிற்குரியவர் வரிசையில் இடம்பெற்றிருந்த ஒருவர், அழைப்புத் தம்மை வந்தடையுமுன்னரே, கோளைத் தேடாமலே அதனைக் கண்டுவிட்டார். அவர் சிசிலித் தீவின் பலேர்மோ நகர வான்காட்சி நிலையத் தலைவராகிய யுசெப்பே பியாசி. 1746 இல் வட இத்தாலியிற் பிறந்து, துறவற சபையொன்றிற் சேர்ந்து குருவாகிக் கணிதம் கற்பித்தவர் அவர். நிலையத்தை நிறுவும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது இங்கிலாந்துக்குச் சென்று, கருவி அமைப்பதிற் பெயர்பெற்ற இராம்சுடன் என்பவரைக் கொண்டு, ஐந்தடி விட்டமுள்ள அளவு வட்டமொன்றைச் செய்வித்துக் கொணர்ந்தார். விண்மீன்களின் இடத்தை அளப்பதில் அதற்கு நிகரான கருவி அக்காலத்தில் அரிது.

கருவியின் சிறப்பினும் அவரது வழக்கத்தின் சிறப்புப் பெரிது. விண்மீன் பட்டியலொன்றை ஆக்கும் பணியிலே அவர் ஈடுபட்டிருந்தார். ஒரு விண்மீனை ஓரிரவு அளந்து அமைதி கொள்வது அவர் இயல்பன்று. பல இரவுகளிலே திரும்பத் திரும்ப அளந்த பின்னரே அதன் இடத்தை உறுதி செய்வார். 1801 ஜனவரி 1 ஆந் திகதி இரவு, இடப இராசியிலே, இலக்காயில் என்பவரது பட்டியலில் 87 ஆவதாகக் குறிக்கப்பட்ட விண்மீனை அளக்க முயன்றார். அதற்கு முன்னாக மங்கலான வேறொரு மீன் கருவியின் பார்வையைக் கடந்தது. வழக்கப்படி அதனையும் அளந்து குறித்துக்கொண்டார். மறுநாள் இரவு அளந்தபோது அதன் இடம் சிறிது மாறியிருந்தது. முதல் நாள் அளவிலே பிழை நேர்ந்ததோ என ஐயுற்றார். மூன்றாம் நாளும் அது நகர்ந்திருக்கவே, நிலையான விண்மீனன்று என்பது தெளிவாயிற்று. கண்டது தற்செயலேயாயினும், மறுநாளும் அளக்கும் வழக்கம் இல்லாதிருந்தால் அத்தற்செயலாற் பயன் விளைந்திராது.

அப்பொருள் முதலில் மேற்கு நோக்கி நகர்ந்து, பின்னர் நின்று, திசை திரும்பிக் கிழக்கு நோக்கிச் செல்லலாயிற்று. ஜனவரி 24 ஆந் திகதி பியாசி, மிலான் நகரத்து ஒரியானிக்கும் பேர்லினிலிருந்த போடேக்கும் கடிதம் எழுதினார். வால்வெள்ளியொன்றைக் கண்டதாக அறிவித்தாராயினும், புகைபோன்ற படலம் அதனைச் சூழ்ந்திராமையாலும் அதன் இயக்கம் மெதுவாயிருந்தமையாலும், வால்வெள்ளியினும் சிறந்த ஒன்றாக இருக்கலாமென்னும் ஐயத்தை நண்பராகிய ஒரியானிக்குத் தெரிவித்தார். போர்களால் நிலைகுலைந்திருந்த ஐரோப்பாவில் அஞ்சல் மெதுவாகவே சென்றது. போடேக்கு மார்ச்சு மாதத்திலும் ஒரியானிக்கு ஏப்பிரலிலுமே கடிதங்கள் கிடைத்தன. அதற்குள் பியாசி நோயுற்றார். பெப்ரவரி 11 ஆந் திகதி அவரது இறுதி அவதானமாயிற்று. பின்னர் அப்பொருள் ஞாயிற்றின் ஒளிக்குள் மறைந்துவிட்டது.

பியாசி அவதானங்கள் அனைத்தையும் உடனே வெளியிடவில்லை. தாமே கணித்து முடிக்கும் விருப்பத்தாற் சிலகாலம் வைத்திருந்தார். அதன்பொருட்டு அவரைக் குறைகூறியோர் உளர். வசந்த காலத்தில் அவர் அவற்றை முழுமையாக அனுப்பிவைத்தார். வொன் சாக்கு நடத்திய மாத இதழில் அவை செப்டெம்பரில் வெளிவந்தன. அதன்பின்னரே எல்லாரும் கணிப்பதற்கு வழி பிறந்தது.

அக்கணிப்பு எத்துணை அரியதென்பதை நோக்குதல் வேண்டும். வானத்தை நோக்குவோனுக்குப் பொருள் இருக்குந் திசை மட்டுமே தெரியும். அதன் தூரம் தெரியாது. நோக்குவோன் நிற்கும் பூமியோ தானும் ஓடிக்கொண்டிருக்கின்றது. மேலும், சீரீசு ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 1,680 நாட்கள் எடுக்கும். பியாசி அதனைக் கண்டது 41 நாட்களே. முழுச் சுற்றிலே நூற்றில் மூன்று பங்கும் அன்று. இவ்வளவு சிறிய வில்லைக்கொண்டு முழுப் பாதையையும் வரைதல் வேண்டும். பலர் பாதையை வட்டமெனக் கொண்டு கணித்துப் பார்த்தனர். அவர்கள் காட்டிய இடங்களிலே தேடியோர் எதனையும் காணவில்லை. வான்பரப்போ பெரிது, பொருளோ மங்கலானது, விண்மீன்களோ எண்ணிறந்தவை. சரியான இடம் தெரியாவிடின், இன்னுமொரு பியாசி இன்னுமொரு தற்செயலாற் காணும்வரை அது இழந்த பொருளே.

இந்நிலையிற்றான் பிறன்சுவிக்கு நகரில் வாழ்ந்த காவுசு என்னும் 24 வயது இளைஞர் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். எண்களின் இயல்பை ஆராயும் பெருநூலொன்றை அவர் அவ்வாண்டிலே வெளியிட்டிருந்தார். ஓர் ஒழுக்கை முற்றாக வரையறுப்பதற்கு ஆறு கணியங்கள் தேவை: அதன் பருமன், அதன் நீட்சி, அது சாய்ந்திருக்கும் அளவு, சாய்வின் திசை, ஞாயிற்றை அணுகும் புள்ளியின் திசை, குறித்த நேரத்திற் பொருள் இருந்த இடம் என்பன. ஓர் அவதானம் இரண்டு கோணங்களைத் தரும். ஆகவே மூன்று அவதானங்கள் ஆறு எண்களைத் தரும். தரப்பட்டவையும் தேடப்படுபவையும் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றன. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரே பெறுவதற்கு வழியில்லை. காவுசு ஒழுக்கை வட்டமென முன்கூட்டியே கொள்ளாது, கெப்பிளர் கூறியவாறு நீள்வளையமெனவே விட்டார். ஏறத்தாழச் சரியான விடையொன்றைப் பெற்று, அதனை மீண்டும் மீண்டும் திருத்தி, ஏனைய அவதானங்களோடும் ஒப்புநோக்கினார். அவர் குறித்த இடம் பிறர் குறித்த இடங்களிலிருந்து பல பாகை கிழக்கே இருந்தது.

அவரது முடிவுகளை வொன் சாக்கு தம் இதழில் வெளியிட்டார். முகிலும் பனிக்காலமும் தடைசெய்தன. டிசெம்பர் 7 ஆந் திகதி அவர் ஐயத்திற்குரிய மீனொன்றைக் கண்டார். ஆனால் அடுத்த இரவுகளில் வானம் தெளியவில்லை. டிசெம்பர் 31 ஆந் திகதி இரவு மீண்டும் நோக்கியபோது, அது கன்னி இராசியில் நகர்ந்திருக்கக் கண்டார். மறுநாள் பிறீமன் நகரில் ஒல்பேசு என்னும் மருத்துவரும் அதனைத் தனித்துக் கண்டார். காவுசு கூறிய இடத்திலிருந்து அரைப் பாகைக்குள், அதாவது முழுமதியின் அகலத்துக்குள், அது இருந்தது. தம் முறையைப் பலவாறு செப்பஞ்செய்து 1809 இல் காவுசு நூலாக வெளியிட்டார். பின்வந்த வானியலாளருக்கு அது வழிகாட்டியாயிற்று.

சிசிலிக்குரிய தெய்வமெனப் பண்டை உரோமர் போற்றிய பயிர்த்தெய்வத்தின் பெயரையே பியாசி தம் கோளுக்கு இட்டிருந்தார். ஆயினும் கோள் என்னும் பட்டம் அதற்கு நிலைக்கவில்லை. 1802 மார்ச்சில் ஒல்பேசு அதே தூரத்திற் பல்லாசு என்னும் மற்றொரு பொருளைக் கண்டார். 1804 இல் யூனோவும் 1807 இல் வெசுத்தாவும் காணப்பட்டன. தொலைகாட்டியிலும் இவை விண்மீன்போற் புள்ளியாகவே தோன்றியமையால், விண்மீன் போன்றவை என்னும் பொருள்தரும் பெயரை ஏர்செல் வழங்கினார். 1845 இல் ஐந்தாவது காணப்பட்டபின் எண்ணிக்கை விரைந்து பெருகிற்று; இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டவை. அரை நூற்றாண்டுவரை கோளென நூல்களில் எழுதப்பட்ட சீரீசு, சிறுகோளெனப்பட்டது. 2006 இல் சருவதேச வானியற் சங்கம் வகுத்த வரைவிலக்கணத்தின்படி குறுங்கோளென்றும் பெயர்பெற்றது. தேடலுக்கு முதலில் வழிகாட்டிய எண்வரிசையோ, 1846 இல் நெப்தியூன் காணப்பட்டபோது அதனோடு பொருந்தாது தோல்வியுற்றது.

பாதை தெரிந்தபின்னும் பொருளின் பருமன் நெடுங்காலம் தெரியவில்லை. ஏர்செல் 1802 இல் அதன் விட்டத்தை ஏறத்தாழ 260 கிலோமீற்றர் என மதித்தார். 1811 இல் சுரோத்தர் 2,600 கிலோமீற்றருக்கு மேலென மதித்தார். ஒளிப்புள்ளியாகவே தோன்றும் பொருளின் விளிம்பை அக்காலத் தொலைகாட்டிகளாற் செவ்வனே பிரித்தறிய இயலவில்லை. ஒளியைக்கொண்டும் அளவைத் துணிய முடியாது. கரியதொரு பெரும்பொருளும் வெண்மையான சிறுபொருளும் ஒரே ஒளியுடையனவாகத் தோன்றும். 1984 இல் சீரீசு ஒரு விண்மீனை மறைத்தபோது, பல இடங்களிலிருந்து அம்மறைவின் நேரத்தைக் குறித்து அதன் அளவைச் செம்மையாக அறிந்தனர். அதன் சராசரி விட்டம் ஏறத்தாழ 940 கிலோமீற்றர்.

இன்று சீரீசின் இயல்புகள் நன்கு அறியப்பட்டுள்ளன. ஞாயிற்றிலிருந்து அதன் சராசரித் தூரம் பூமியின் தூரத்தைப்போல 2.77 மடங்கு, ஏறத்தாழ 41 கோடி 40 இலட்சம் கிலோமீற்றர். பழைய எண்வரிசை சுட்டிய 28 க்கு இஃது எத்துணை அண்மையிலுள்ளது என்பது காண்க. அதன் ஒழுக்குப் பூமியின் ஒழுக்குத் தளத்திற்கு 10.6 பாகை சாய்ந்துள்ளது. அது தன்னைத் தானே சுற்றுவதற்கு 9 மணி 4 நிமிடம் எடுக்கும். ஏனைய சிறுகோள்கள்மீது அது செலுத்தும் ஈர்ப்பைக்கொண்டு அதன் திணிவை முதலில் மதித்தனர். அது சந்திரனின் திணிவில் எண்பதில் ஒரு பங்களவு. எனினும் சிறுகோள் வலயம் முழுவதன் திணிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது. அடர்த்தியோ நீரின் அடர்த்தியைப்போல 2.16 மடங்கு. பாறையாயின் இதனினும் மிகும். பனிக்கட்டியாயின் இதனினும் குறையும். எனவே அது பாறையும் நீர்ப்பனியும் விரவிய பொருளென்பது பெறப்படும்.

அவ்வனுமானத்தை நேரிற் சோதித்தது அமெரிக்க விண்கலமாகிய தோன். 2007 இற் புறப்பட்ட அது, வெசுத்தாவை ஆராய்ந்து முடித்து, 2015 மார்ச் 6 ஆந் திகதி சீரீசைச் சுற்றும் ஒழுக்கிற் புகுந்தது. கரிய நிலப்பரப்பின் நடுவே, 92 கிலோமீற்றர் அகலமுள்ள ஒக்காத்தர் என்னும் பள்ளத்திலே, வெண்மையான திட்டுக்கள் ஒளிர்ந்தன. அவை பெரும்பாலும் சோடியம் காபனேற்று என்னும் உப்பு. நிலத்தடியிலிருந்து உப்புநீர் மேலெழுந்து, நீர் ஆவியாகிப்போக எஞ்சியது அவ்வுப்பு. உயிரற்ற கற்பாறையென எண்ணப்பட்ட சிறுகோளின் ஆழத்தில் உப்புநீர் இன்னும் உண்டென்பதற்குச் சான்றுகள் கிடைத்தன. 2018 இல் எரிபொருள் தீர்ந்தமையால் தோன் வாய்மூடிற்று. சீரீசைச் சுற்றும் ஒழுக்கிலேயே அது விடப்பட்டது.

கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கப்பால் ஓடும் பொருளை விண்கலம் சென்றடைந்ததெனின், அப்பொருள் எந்நாளில் எங்கிருக்குமென முன்கூட்டியே அறிய முடிந்தமையாலன்றோ? அவ்வறிவின் வேர் 1801 ஆம் ஆண்டிலுள்ளது. காவுசின் கணிதத்திறனை உலகம் போற்றுகின்றது, அது தகும். ஆயினும் பியாசியின் அளவுகள் சிறிது வழுவியிருந்தாலும் அத்திறன் வேறொரு திசையையே காட்டியிருக்கும். பயன் இன்னதென்று அறியாத நிலையிலும் இரவுதோறும் பிழையின்றி அளந்து எழுதிவைத்த ஒருவரும், அவ்வளவுகளை நம்பி அவற்றுள் மறைந்திருந்த பாதையை வெளிக்கொணர்ந்த மற்றொருவரும் ஒருவரையொருவர் நிறைவுசெய்தனர். இருபதாம் நூற்றாண்டிலே சிறுகோள்களின் வரிசை எண் ஆயிரத்தை எட்டியபோது, 1000 ஆவதற்குப் பியாசியின் பெயரையும், அடுத்து வந்த 1001 ஆவதற்குக் காவுசின் பெயரையும் வானியலாளர் சூட்டினர். அவ்வரிசையின் முதலாம் எண் சீரீசுக்கே உரியதாக இன்றும் நிலைத்துள்ளது.