பில் டிரெய்லரின் அட்டைச் சித்திரங்கள்

கலைக்கூடப் பயிற்சி பெறாதோரின் ஓவியங்களை ஆங்கில அறிஞர் ரோஜர் கார்டினல் 1972-இல் தம் நூலில் 'புறத்தார் கலை' என்றழைத்தார். அப்பெயரே இன்றும் வழங்குகிறது. எவருக்குப் புறம் என்று நாம் வினவ வேண்டியுள்ளது.

பில் டிரெய்லர் என்னும் கறுப்பினப் பெரியவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏறத்தாழ 1853-இல் அடிமையாய்ப் பிறந்தார். பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரே அவருக்கும் பெயராயிற்று. விடுதலைக்குப் பின்னரும் பிறர் நிலத்தில் உழைத்தே மூப்படைந்தார். சுமார் 85 வயதில், 1939-இல், மான்ட்கோமரி நகரின் மன்றோ தெருவில் அமர்ந்து வரையத் தொடங்கினார். பிறர் எறிந்த அட்டைகளே அவருக்குத் தாள். கோவேறு கழுதை, சீறும் நாய், குடித்துத் தள்ளாடுவோர், தடியோங்கித் துரத்துவோர் என அவர் கண்டவையெல்லாம் அவற்றில் உயிர்பெற்றன. அத்தெருவோ கறுப்பின மக்களின் கடைவீதி. அவருக்கு அது புறமன்று, நடுவிடம்.

சார்லஸ் ஷானன் என்னும் வெள்ளையின ஓவியர் அவற்றைப் பேணிக் காத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டவை எஞ்சியது அவராலேயே என்பதை நன்றியுடன் கூறல் வேண்டும். ஆப்பிரிக்க முகமூடிகளிடம் வடிவம் பயின்ற பிக்காசோவுக்கு 1939-இல் பெருங்கண்காட்சி நடத்திய நியூயார்க் நவீனக் கலைக்கூடம், 1942-இல் டிரெய்லரின் படத்திற்கு ஓரிரு டாலரே விலை பேசியது. நம் இளைஞர் இதனைக் கூர்ந்து நோக்குக. ஷானன் விற்க மறுத்துவிட்டார்.

டிரெய்லர் 1949-இல் மறைந்தார். அவர் தீட்டிய அட்டையொன்றை, 'தி கலர் பர்ப்பிள்' நாவலைத் திரைப்படமாக்கிய ஸ்பீல்பெர்க் அதன் ஆசிரியர் ஆலிஸ் வாக்கருக்குப் பரிசளித்திருந்தார். அது 2020 ஜனவரியில் 5,07,000 டாலருக்கு ஏலம் போயிற்று. டிரெய்லரின் கல்லறைக்குப் பெயர்க்கல் நாட்டப்பட்டதோ 2018-இல்தான்.