ஒல்லாந்தர் காலச் செதுக்கோவியங்களும் தீவகமும்

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதன்பின் அங்கு மதகுருவாகப் பணியாற்றிய பிலிப்பஸ் பல்தேயசின் நூல் 1672இல் ஆம்ஸ்ரர்டாமில் வெளிவந்தது. அதிலுள்ள தேவாலயக் காட்சிகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமுன், அவை எம்முறையில் ஆக்கப்பட்டவை என்பதை நோக்குதல் அவசியமாகும்.

தொலைவிலுள்ளவை இடைப்பட்ட காற்றினால் வெளிறித் தோன்றும் என்பதை லியனார்டோ டா வின்சி (1452–1519) தமது குறிப்புகளில் விளக்கினார். வண்ண ஓவியர் இதனை நீலச் சாயலாற் காட்டுவர். வண்ணமற்ற செப்புத்தகட்டில் கோடுகளே இப்பணியைச் செய்கின்றன: முன்புலக் கோடுகள் தடித்தும் நெருங்கியும், தொலைவுக் கோடுகள் மெலிந்தும் அமையும். அமிலத்தால் அரிக்கும் முறையில் தொலைவுப் பகுதியை முதலில் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, முன்புலத்தை மேலும் அரிக்கவிடுவர்.

மலையற்ற நாட்டினரான ஒல்லாந்தருக்கு இம்முறை பெரிதும் உதவிற்று. யான் வான் கோயன் போன்றோர் தாழ்ந்த அடிவானத்தாலும் படிப்படியாக மங்கும் ஒளியாலுமே நிலத்தின் ஆழத்தைக் காட்டினர். நெடுந்தீவும் நயினாதீவும் ஊர்காவற்றுறையும் அத்தகைய சமநிலங்களே. ஆங்குப் பனையை விஞ்சி உயர்வது அரிது. எனவே இம்முறை எமது நிலத்துக்கு அந்நியமானதன்று.

ஆயின் எதனை அண்மையில் வைப்பது, எதனை மங்கவிடுவது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. இக்காட்சிகளில் தேவாலயமே கண்ணை ஈர்க்கிறது. மக்கள் அதன் பருமனைக் காட்டும் சிற்றுருவங்களாகின்றனர். அக்கட்டடங்களுட் பல போர்த்துக்கேயக் கத்தோலிக்கரிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பதும், ஊழியம் என்னும் கட்டாயவேலை மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்தது என்பதும் காட்சியின் அமைதியில் மறைந்துவிடுகின்றன.

தீவுகளுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர்களிலும் இதே தொலைநோக்கைக் காணலாம். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கோட்டையை ஹம்மன்ஹீல், அதாவது பன்றித்தொடையின் குதி, என்றழைத்தனர். இலங்கை முழுவதையும் ஒரு பன்றித்தொடையாக நிலப்படத்திற் கண்டவர்களின் பெயரீடு இது.

சுவரும் கூரையும் எவ்வாறிருந்தன என்பதை ஆராய இச்செதுக்கோவியங்கள் பயன்படும். குடிகளின் வாழ்வை அறிவதற்கோ தோம்பேடுகளையும், நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளையும், வாய்மொழி வழக்காறுகளையும் ஒப்புநோக்குதல் வேண்டும். ஓவியர் மங்கவிட்ட தொலைவிலேயே எமது சமூக வரலாற்றின் பெரும்பகுதி உள்ளது.